‘ஆஸ் இஸ்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் 2003 மாடல் மெர்சிடிஸ் எஸ்எல்500 கன்வர்ட்டிபிள் இருக்கிறது. 96,000 மைல் ஓடியது. எஞ்சினில் குறையில்லை, கூரை திறந்து மூடுகிறது. சஸ்பென்ஷன் எச்சரிக்கை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறது. இணையத்தில் 11,500 டாலருக்கு விளம்பரம் போட்டார். டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸில் இருக்கும் ஒருவர், நேரில் பார்க்காமலேயே முழு விலைக்கும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். “விளம்பரத்தில் ‘ஆஸ் இஸ்’, அதாவது இருக்கிற நிலையிலேயே விற்கிறேன் என்று எழுதிவிட்டேன். அந்த எச்சரிக்கையைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டுமா? வண்டி போய்ச் சேர்ந்த பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது?”

சொல்லித்தான் ஆகவேண்டும். எழுத்தில், படத்தோடு, பணம் கைமாறுவதற்கு முன்னால். ‘ஆஸ் இஸ்’ உங்களைக் காப்பாற்றும்தான். ஆனால் நீங்கள் வாய்விட்டுச் சொன்ன குறைகளுக்கும், உங்களுக்கே தெரியாத குறைகளுக்கும் மட்டும். தெரிந்தே விழுங்கிய குறைக்கு அது குடை பிடிக்காது.

நான் வழக்கறிஞன் இல்லை. இதே ஆர்230 வகை எஸ்எல் ஒன்றை ஏழு வருடம் வைத்திருந்து, வெளிமாநிலத்துக்காரர் ஒருவருக்கு விற்றவன். அந்த அனுபவமும், விற்பதற்கு முன் பயந்துபோய் உட்கார்ந்து படித்த சட்டமும்தான் கீழே இருப்பது.

அமெரிக்காவில் பொருள் விற்பனைக்கான அடிப்படை, யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்ற வணிகச் சட்டத் தொகுப்பின் இரண்டாம் பகுதி. லூயிசியானா தவிர எல்லா மாநிலங்களும் அதை ஏற்றிருக்கின்றன. அதில் 2-314 என்ற பிரிவு, விற்கிற பொருள் சாதாரணப் பயன்பாட்டுக்குத் தகுதியாக இருக்கும் என்ற உத்தரவாதம் சொல்லாமலேயே உண்டு என்கிறது. அதை நீக்கத்தான் 2-316-இல் ‘ஆஸ் இஸ்’ வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த உத்தரவாதமே வியாபாரிகளுக்குத்தான். சொந்த வண்டியை ஒருமுறை விற்கும் உங்கள்மேல் அது முதலிலேயே இல்லை. ஆக, ‘ஆஸ் இஸ்’ என்று எழுதும்போது ஏற்கெனவே சாத்தியிருக்கும் கதவுக்குத் தாழ்ப்பாளும் போடுகிறீர்கள். நல்லதுதான், எழுதுங்கள். ஆனால் வழக்கு வருவது அந்தக் கதவு வழியாக இல்லை.

வருவது 2-313 வழியாக. பொருளைப் பற்றி நீங்கள் தருகிற விவரிப்பு, வாங்குபவர் அதை நம்பி விலை பேசுகிற அளவுக்கு இருந்தால், அதுவே வெளிப்படையான உத்தரவாதம் ஆகிவிடும். ‘வாரண்டி’ என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டாம். “சஸ்பென்ஷன் பிரச்சினை எதுவும் இல்லை” என்று மேலே எழுதி, கீழே ‘ஆஸ் இஸ்’ போட்டால், நீதிமன்றம் மேலே உள்ளதைத்தான் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வழி ஏமாற்று. சொந்த ஏமாற்றுக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தம் போட்டுத் தப்பிக்க முடியாது என்று கலிபோர்னியா சிவில் கோட் 1668-ஆம் பிரிவே சொல்கிறது. எச்சரிக்கை வருவது தெரிந்தும் மறைத்தீர்கள் என்று காட்டிவிட்டால், நீங்கள் எழுதிய ஆஸ் இஸ் வெறும் மை. மறைப்பது அவ்வளவு எளிதும் இல்லை. பழைய ஒர்க்‌ஷாப் ரசீது ஒன்றில் அந்தக் கோளாறின் பெயர் இருக்கும். வண்டியின் கணினியில் ஸ்கேனரை மாட்டினால் பழைய கோளாறுக் குறியீடுகள் கொட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது.

தமிழில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு தொடர் இருக்கிறதே, ‘ஆஸ் இஸ்’ என்பதற்கு அது இரண்டு விதத்திலும் பொருந்தும். வண்டி உள்ளபடி போகிறது. வண்டியைப் பற்றிய பேச்சும் உள்ளபடி இருக்க வேண்டும். முதல் பாதி உங்களுக்குச் சாதகம், அதற்கான விலை இரண்டாம் பாதி.

சரி, இந்த வண்டியில் எதையெல்லாம் உள்ளபடி சொல்ல வேண்டும்? புதிதாக வந்தபோது எண்பதாயிரம் டாலருக்கு மேல் விலை போன வண்டி இது. விலை சரிந்துவிட்டது, உதிரிபாக விலை சரியவில்லை. யானையைப் பாதி விலைக்கு வாங்கினாலும் தீனி பாதியாகாது என்பது டல்லாஸ்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவருக்கு நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும், உங்கள் நன்மைக்காகவே.

முதலில் ஏபிசி, அதாவது ஆக்டிவ் பாடி கன்ட்ரோல். இந்த வண்டிக்குச் சாதாரண ஆன்ட்டி ரோல் பார் கிடையாது. வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பது ஹைட்ராலிக் எண்ணெய். எஞ்சினோடு சுழலும் ஒரு பம்ப் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ள, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு வால்வ் பிளாக்குகள் அதை நான்கு ஸ்ட்ரட்டுகளுக்கும் பங்கிடும். நைட்ரஜன் அடைத்த உருண்டைகள் அதிர்ச்சியைத் தாங்கும். பவர் ஸ்டீரிங்கின் பம்பும் அதே கூட்டில்தான் இருக்கிறது. இருபது வருடத்தில் ரப்பர் குழாய்கள் வெடிக்கும், உருண்டைகள் செத்துப்போகும், வால்வுகள் கசிந்து இரவில் ஒரு மூலை மட்டும் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கி நிற்கும். திரையில் வெள்ளை எழுத்தில் ஒர்க்‌ஷாப்புக்குப் போ என்று வருவதும், சிவப்பில் வருவதும் ஒன்றல்ல. உங்களுக்கு எந்த நிறத்தில் வருகிறது, குளிரிலா சூட்டிலா, மேட்டில் ஏறும்போதா என்று குறித்துவையுங்கள். சுயேச்சையான ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொடுத்து அழுத்தத்தை அளந்து கோளாறுக் குறியீடுகளைப் படித்து ஒரு தாள் வாங்கிவிடுங்கள். சரிசெய்ய வேண்டாம். பம்ப் ஒன்றே நான்கு இலக்க டாலர் கேட்கும். அதைப் போட்டுவிட்டு விலையைக் கூட்டி விற்கலாம் என்று நினைத்தவர்கள் யாரும் போட்டதை எடுத்து நான் பார்த்ததில்லை. அந்தத் தாளை விளம்பரத்தில் சேர்த்து, விலையை ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறைப்புதான் நீங்கள் கட்டுகிற இன்ஷூரன்ஸ் பிரீமியம்.

அடுத்து பிரேக். இந்த வண்டியில் எஸ்பிசி என்ற மின்-ஹைட்ராலிக் பிரேக். பெடலை நீங்கள் அழுத்தினால் கணினி படித்து பம்ப் வழியாக அழுத்தம் கொடுக்கும். எத்தனை முறை அழுத்தினீர்கள் என்று எண்ணிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் யூனிட்டை மாற்றச் சொல்லும். 2004 மே மாதம் உலகம் முழுவதும் சுமார் 6,80,000 வண்டிகளை இந்த பிரேக்குக்காகத் திரும்ப அழைத்தார்கள். பிறகு அமெரிக்காவில் இந்த யூனிட்டுக்கான வாரண்டியை 25 வருடமாக, மைல் கணக்கில்லாமல் நீட்டினார்கள். இதைத்தான் உங்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போட வேண்டும், ஆனால் கவனமாக. 25 வருடம் எண்ணப்படுவது வண்டி முதன்முதலில் டெலிவரி ஆன நாளிலிருந்து. 2003 மாடல் என்றால் 2002-லேயே கூட விற்றிருக்கலாம், அப்படியானால் கெடு 2027-இல் முடிந்துவிடும். டீலரிடம் வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து, ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்களா, கெடு எது வரை என்று எழுத்தில் வாங்கிப் போடுங்கள். நீங்களாக “25 வருட வாரண்டி உண்டு” என்று எழுதினால், மேலே சொன்ன 2-313-இல் நீங்களே போய் மாட்டிக்கொள்வீர்கள். பாக்கியிருக்கும் ரீகால் எதுவாவது உண்டா என்பதையும் என்எச்டிஎஸ்ஏ என்ற அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் அதே எண்ணைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கூரை 16 விநாடியில் திறக்க வேண்டும். வீடியோவில் வெட்டில்லாமல் ஒருமுறை திறந்து மூடிக் காட்டுங்கள், தேதி தெரியும்படி. கூரையைத் தூக்கும் சிலிண்டர்களின் சீல்களில் எண்ணெய் ஈரம் இருந்தால் துடைக்காமல் படம் எடுங்கள். டிக்கிக்குள் இருக்கும் தடுப்புத் திரையைப் பூட்டாவிட்டால் கூரை அசையவே அசையாது. நான் விற்றபோது, வண்டி போய் இறங்கிய அன்று இரவு பதினோரு மணிக்கு அந்த மனிதர் கூப்பிட்டு, கூரை செத்துவிட்டது என்று ஏறக்குறைய அழுதார். திரையைப் பூட்டச் சொன்னேன். மறுமுனையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவர் போனை வைக்க மறந்து மனைவியைக் கூப்பிட்டார்.

டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வடிகால் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் அங்கே தேங்கும். பூட்டுகளுக்குக் காற்றழுத்தம் தருகிற பம்ப் அந்தப் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் துரு ஏறியிருந்தால் அதையும் படம் எடுங்கள். டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்கம் தயாரான வாரமும் வருடமும். பட்டன் ஆழமாக இருந்தும் பத்து வருடப் பழைய டயரை ‘நல்ல டயர்’ என்று எழுதிவிடாதீர்கள்.

எஞ்சினைத் தாராளமாகப் புகழலாம். எம்113 என்ற 5 லிட்டர் வி8, 302 குதிரைசக்தி; பென்ஸ்காரர்களே கொஞ்சம் பெருமூச்சு விட்டு நினைவுகூர்கிற எஞ்சின். ஆனாலும் “எந்தக் கசிவும் இல்லை” என்று எழுதாதீர்கள். “ஜூன் மாதம் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது வால்வ் கவர் ஓரம் ஈரம் தெரிந்தது, தரையில் சொட்டுவதில்லை” என்று எழுதுங்கள். எப்போது, யார், எப்படிப் பார்த்தது என்று எழுதுவது தகவல். ‘இல்லவே இல்லை’, ‘புத்தம்புது மாதிரி’ எல்லாம் வாக்குறுதி. விளம்பரம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தைக் கடைப்பிடித்தாலே பாதி சிக்கல் வராது.

டல்லாஸ்காரருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: உங்கள் செலவில் உங்களுக்கு விருப்பமான மெக்கானிக்கை அனுப்பி வண்டியைச் சோதித்துக்கொள்ளலாம், இன்ன தேதி வரை காத்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்று பதில் போட்டாலும் அது உங்களுக்கு லாபம். பார்க்க வாய்ப்புக் கொடுத்தும் மறுத்தவர், பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு மறைமுக உத்தரவாதம் கேட்க முடியாது என்பது அந்த 2-316-இலேயே இருக்கிறது. அவர் உண்மையான ஆளா என்பதும் இந்தக் கடிதத்தில் தெரிந்துவிடும்.

வழக்கு வந்தால் எங்கே வரும்? இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1964 ஃபோர்டு கேலக்ஸி ஒன்றை விஸ்கான்சினில் இருந்த ஒருவர் ஈபேயில் விற்றார். கலிபோர்னியாக்காரர் 34,106 டாலருக்கு எடுத்து, லாரியில் வரவழைத்துப் பார்த்தால் விளம்பரத்தில் சொன்ன வண்டி அது இல்லை என்றார். கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார். 2008-இல், கலிபோர்னியா அடங்கிய ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரே ஒருமுறை இணையத்தில் விற்றதற்காக விஸ்கான்சின்காரரைக் கலிபோர்னியாவுக்கு இழுக்க முடியாது என்று சொல்லி, கீழ்நீதிமன்றம் செய்த தள்ளுபடியை உறுதிசெய்தது. இதைப் படித்துவிட்டுப் பலர், வெளிமாநிலத்துக்கு விற்றால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். நீதிமன்றம் விற்றவர் நேர்மையானவர் என்று சொல்லவில்லை, வழக்கு இங்கே நிற்காது என்று மட்டும்தான் சொன்னது. டெக்சாஸ் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்ளும் வராது. போதாததற்கு, டல்லாஸ்காரர் உங்கள் ஊருக்கே வந்து வழக்குப் போட்டால் எல்லைக் கேள்வியே எழாது. கலிபோர்னியாவில் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளைம்ஸ் நீதிமன்றத்தில் தனிநபர்களுக்கான வரம்பு 2024 முதல் 12,500 டாலர். உங்கள் வண்டியின் விலை 11,500. வக்கீல் தேவையில்லை, அனுமதியும் இல்லை. ஒரு விமான டிக்கெட் போதும் அவருக்கு.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் மாறும். மாசசூசெட்ஸில் தனிநபர் விற்றாலும், தனக்குத் தெரிந்த, வண்டியின் பாதுகாப்பையோ பயன்பாட்டையோ பெரிதாகப் பாதிக்கிற குறையைச் சொல்லியே ஆகவேண்டும். மறைத்ததை நிரூபித்தால் வாங்கியவர் 30 நாளுக்குள் விற்பனையை ரத்து செய்யலாம்.

இனி டல்லாஸ்காரரைப் பற்றி. பார்க்காமலேயே வாங்குவது இப்போது சாதாரணம்தான். நானே அப்படி வாங்கியிருக்கிறேன். பேரமே பேசாமல் வாங்குவதுதான் எனக்கு நெருடுகிறது. இருபது வருட பென்ஸை வாங்குகிறவர் ஏபிசி பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால் ஒன்று அவருக்கு ஒன்றும் தெரியாது, இல்லை அவருக்கு வேண்டியது வண்டி இல்லை. பழைய தந்திரம் இது: விலையைவிடக் கூடுதல் தொகைக்கு, வங்கியே கொடுத்த மாதிரி ஒரு கேஷியர்ஸ் செக் வரும், மீதியை வண்டி ஏற்றிப் போகிறவருக்கு அனுப்பிவிடுங்கள் என்பார். செக்கைப் போட்ட மறுநாளே உங்கள் கணக்கில் பணம் தெரியும். வங்கி அதைச் சீக்கிரம் எடுக்கவிட வேண்டும் என்பது விதி; செக் உண்மையானது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இரண்டு வாரம் கழித்துப் போலி என்று திரும்பினால் வங்கி உங்களிடமிருந்து முழுத் தொகையையும் பிடித்துக்கொள்ளும். குறிப்பிட்ட ஏதோ ஒரு தளத்தில்தான் வண்டி வரலாற்று அறிக்கை வாங்கவேண்டும் என்று வற்புறுத்துவதும், உங்கள் போனுக்கு வந்த ஆறிலக்க எண்ணைக் கேட்பதும் அதே கூட்டத்து வேலைகள்.

தூரத்தில் இருப்பவரிடம் நான் ஏற்கும் ஒரே முறை வங்கி வயர், அதாவது வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது. வந்ததும் மெசேஜை நம்பாமல், உங்கள் வங்கிக் கிளைக்குப் போய்ப் பணம் இறுதியாக வரவாகிவிட்டதா என்று கேளுங்கள். பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பில் வாகனங்கள் அடங்காது, அதனால் அந்தப் பக்கமே போகவேண்டாம். எஸ்க்ரோ, அதாவது வண்டி கைமாறும் வரை மூன்றாம் நிறுவனம் ஒன்று பணத்தைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு வேண்டும் என்று டல்லாஸ்காரர் கேட்டால் சரி, ஆனால் அவர் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள். அந்த நிறுவனத்துக்குக் கலிபோர்னியாவின் நிதிப் பாதுகாப்பு மற்றும் புத்தாக்கத் துறை உரிமம் கொடுத்திருக்கிறதா என்று துறையின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். உள்ளூர்க்காரர் ரொக்கமாகக் கொண்டுவந்தால் உங்கள் வங்கிக்குள் வைத்து எண்ணி மொத்தமாகக் கட்டுங்கள். பத்தாயிரத்துக்கு மேல் என்றால் வங்கி அரசுக்கு ஒரு படிவம் அனுப்பும், அது வழக்கமான நடைமுறை. அதைத் தவிர்க்கத் துண்டு துண்டாகக் கட்டுவதுதான் குற்றம்.

டல்லாஸ்காரர் பின்வாங்கி, கலிபோர்னியாக்காரர் யாராவது வாங்கினால் ஒன்று கவனிக்க வேண்டும். இங்கே ஸ்மாக் என்ற புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கொடுப்பது விற்பவரின் பொறுப்பு, 90 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ‘ஆஸ் இஸ், ஸ்மாக் உங்கள் பாடு’ என்று எழுதினாலும் டிஎம்வி, அதாவது மாநில மோட்டார் வாகனத் துறை அதை ஏற்காது. உங்கள் வண்டியில் முன்னால் ஒன்று, டிக்கியில் ஒன்று என்று இரண்டு பேட்டரி. ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் செத்துவிடும். பேட்டரியை மாற்றிய கையோடு ஸ்மாக்குக்குப் போனால் வண்டிக் கணினியின் சுயசோதனைகள் எல்லாம் முடியாமல் நிற்கும், வண்டி தோற்கும். ஒரு வாரம் ஊரிலும் ஃப்ரீவேயிலும் ஓட்டிவிட்டுப் போங்கள்.

விற்பனைப் பத்திரம் ஒரு பக்கம் போதும். வின் எண், மைல், விலை, தேதி, இரண்டு பேர் விவரம். அதன்கீழ், உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லாமல் விற்கப்படுகிறது என்ற வரி. அதற்கும் கீழே, பெரும்பாலோர் விட்டுவிடுகிற வரி: “பின்வரும் குறைகளை விற்பவர் தெரிவித்தார், வாங்குபவர் அறிந்துகொண்டார்” என்று ஒவ்வொன்றாக எழுதி, ஏபிசி வரியின் பக்கத்தில் அவர் தனியாக இனிஷியல் போட வேண்டும். வண்டி லாரியில் ஏறிய நொடியிலிருந்து பொறுப்பு அவருடையது என்பதையும் சேருங்கள். லாரியை அவரே ஏற்பாடு செய்யட்டும். ஏபிசி இறங்கி நின்றால் சரிவுப் பலகையில் முன் பம்பர் இடிக்கும், ஆகவே ஓட்டுநர் வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு உயர்த்தும் பொத்தானை அழுத்தி ஏற்றச் சொல்லுங்கள். அவர் எழுதும் நிலைக்குறிப்புத் தாளைக் கையெழுத்துப் போடும் முன் படித்து, படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிங்க் ஸ்லிப் என்ற உரிமைச் சான்றில் வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வண்டி கடைசியாக யாரிடம் போனாலும் காகிதத்தில் நீங்களே உரிமையாளராக நிற்பீர்கள். எனக்கே நடந்தது. முதல் வண்டியை விற்றபோது டிஎம்விக்குத் தகவல் கொடுக்கச் சோம்பல்பட்டேன். எட்டு மாதம் கழித்து, நான் காலே வைக்காத ஊரிலிருந்து பார்க்கிங் அபராதமும், தூக்கிப்போய் நிறுத்திவைத்ததற்கான பில்லும் வந்தன. பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பை ஐந்து நாளுக்குள் தர வேண்டும்; இணையத்தில் பத்து நிமிட வேலை, கட்டணமும் இல்லை. அது முடிந்த பிறகுதான் இன்ஷூரன்ஸை நிறுத்துங்கள்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்ட்ராக் என்ற சுங்கக் கட்டணக் கருவியைக் கழற்றி, அந்தக் கணக்கிலிருந்து நம்பர் பிளேட் எண்ணையும் எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் கராஜ் கதவைத் திறக்கும் மூன்று பொத்தான்கள் உண்டு. ஓரத்து இரண்டையும் சேர்த்து இருபது விநாடி அழுத்திப் பிடித்தால் உங்கள் வீட்டுக் கதவின் குறியீடு அழிந்துவிடும். லாரி வருவதற்கு முந்தைய நாள் இரவே செய்யுங்கள், காலையில் மறந்துபோகும்.